கை நனைத்த வீடு

திருச்சியில் இறங்கும்போதே எனக்கு முதுகு வலி. உட்கார்ந்தேதான் வந்தேன், ஆனாலும் அலுப்பு. ஐம்பத்தெட்டு வயதில் அலுப்புக்குக் காரணம் தேடுவதை விட்டுவிட வேண்டும். மலேசியாவில், ஈப்போவில் என் வீட்டு மாமரத்தடியில் ஒரு சாய்வு நாற்காலி இருக்கிறது. இந்த வருடம் அதில் நான் உட்கார்ந்தது மிகவும் குறைவு.

வெளியே என் பெயர் எழுதிய அட்டையோடு ரபீக் நின்றுகொண்டிருந்தார். அறந்தாங்கிக்காரர். ஷார்ஜாவில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டு இப்போது கம்பெனிக் கார் ஓட்டுகிறார். கீரனூர் தாண்டுவதற்குள் என் பிள்ளைகள், என் சர்க்கரை அளவு, என் முட்டிவலி எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டார்.

“கோச்சுன்னு சொன்னாக. எதுக்கு மேடம் கோச்சு? கபடிக்கா, வாலிபாலுக்கா?”

“மேனேஜருக்குக் கோச்சு.”

“மேனேஜர் என்ன வெளையாடுறாக?”

ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டில் போய் அதிகாரம் செய்யும்போது, அந்த ஊர் மனிதர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. இதற்குப் பண்பாட்டு நுண்ணறிவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சொல்லி முடிப்பதற்குள் வாய் வலிக்கும். ஜெர்மன்காரருக்கு மலாய்க்காரரை விளக்கியிருக்கிறேன், மலாய்க்காரருக்குச் சீனரை விளக்கியிருக்கிறேன். என் மருமகளை எனக்கு விளக்கத்தான் யாரும் கிடைக்கவில்லை.

இந்த வேலைக்கு என்னை அழைத்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. நான் தமிழச்சி. ஹாலந்தில் உட்கார்ந்திருக்கும் முதலாளிகளுக்கு ஈப்போத் தமிழும் கறம்பக்குடித் தமிழும் ஒன்று. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

“ஒங்களுக்குப் பூர்வீகம் எந்தப் பக்கம்?” என்று ரபீக் கேட்டார். தெரியாது என்றேன். தெரியாது என்று ஒரு மனுஷி சொல்லலாமா என்பதுபோல் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அன்று இரவு புதுக்கோட்டை ஓட்டலில் பரோட்டாவும், முட்டையை மசாலாவில் பிரட்டிய முட்டை மாஸும் கொண்டுவந்து வைத்தவரும் அதையே கேட்டார். அவரே என் மூக்கைப் பார்த்து, ஆலங்குடிப் பக்கமாகத்தான் இருக்கும் என்று முடிவும் சொன்னார். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் இத்தனை முரட்டுத்தனமாக இருக்காது. ஆனால் முட்டை மாஸுக்கு ஈடாக ஈப்போவில் ஒன்றும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலை தொழிற்சாலைக்குப் போனேன். கறம்பக்குடி போகும் சாலையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூளைக் கழுவி, சிமெண்டுக் களத்தில் காயவைத்து, இயந்திரத்தில் அழுத்திச் செங்கல்போல் கட்டியாக்கிக் கப்பலில் அனுப்புகிறார்கள். ஹாலந்தில் அதை நனைத்து உப்ப வைத்து, கண்ணாடிக் கூடாரத்துக்குள் தக்காளி வளர்க்கிறார்களாம். நாம் தூக்கிப்போடுகிற தூளில் அவர்கள் சம்பாதிக்கிறார்கள். அது அவர்கள் சாமர்த்தியம்.

தொழிற்சாலையின் தலைவி மர்லீன். நாற்பது வயது, ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, வெயிலில் சிவந்து உரிந்த மூக்கு. கை குலுக்கியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை: “எனக்கு இனிக்க இனிக்கப் பேச வராது. நேராகப் பேசத்தான் வரும். அதை மட்டும் கெடுத்துவிடாதே.” எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இனிக்கப் பேசுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள் நான்.

சிக்கல் இதுதான். காயவைக்கும் களத்துக்கு மேஸ்திரி செல்வராசு. போன மாதம் ஒருநாள் நடுப்பகலில், களத்தில் வேலை செய்த பெண்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர் ஊரில் ஒரு சாவு. எல்லாரும் அந்த ஊர்ப் பெண்கள். மர்லீனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் மழை வந்தது. மூடுவதற்கு ஆளில்லாமல் காய்ந்த தூள் முழுக்க நனைந்து, கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கு போகவில்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மர்லீன் கேட்டாள், யார் போகச் சொன்னது என்று. செல்வராசு வாயே திறக்கவில்லை. அது திமிர் என்று மர்லீனுக்குப் பட்டது. முடிவெடுக்கும்வரை வீட்டில் இருங்கள் என்று அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து பாதிப் பெண்கள் வேலைக்கு வரவில்லை. களம் பாதி காலியாகக் கிடந்தது.

“தப்பு செய்தால் தப்பு என்று சொல்ல வேண்டும். சொன்னால் நான் மன்னிப்பேன். பேசாமல் நிற்கிற ஆளோடு என்ன செய்வது?” என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த வாரமே ஒரு முடிவை எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். மேஸ்திரியைத் திரும்ப எடுப்பதா, நிறுத்துவதா.

“வீட்டுக்குப் போய்க் கேள்” என்றேன். எல்லாக் கோச்சும் சொல்கிற யோசனைதான். கூடவே பழைய பாடத்தையும் ஒப்பித்தேன். செருப்பை வாசலில் விடு. வலது கையால் வாங்கு. பெரியவர்களை முதலில் கும்பிடு. சாப்பிடச் சொன்னால் மறுக்காதே.

அன்றே கிளம்பினோம். போகிற வழியில் கார் புகைவிட்டு நின்றுவிட்டது. ரேடியேட்டர் என்றார் ரபீக். ஷார்ஜாவில் இந்த மாதிரி வண்டியைத் தூக்கிக் கடாசிவிடுவார்கள் என்றும் சொன்னார். கையைக் காட்டி ஒரு மினி பஸ்ஸை நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டு, சரிசெய்துகொண்டு பின்னால் வருவதாகச் சொன்னார். பஸ்ஸில் ஆட்களைவிட வாழைத்தார்கள் அதிகம். மர்லீனின் தலை கூரையில் இடித்தது. அவள் குனிந்தபடியே வந்தாள். பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

“யாருடி இது, இம்புட்டு ஒசரம்?”

“தேங்கா நாரு கம்பெனி மேனேஜரம்மாடி. செல்வராசு வீட்டுக்குத்தான் போறாகளாம்.”

“அப்ப நல்ல காலந்தான் அவனுக்கு.”

என்ன பேசுகிறார்கள் என்று மர்லீன் கேட்டாள். உன் உயரத்தைப் பற்றி என்றேன். மீதியைச் சொல்லத் தோன்றவில்லை. முட்டி அப்படி வலித்தது.

முன்பே சொல்லியனுப்பியிருந்ததால் செல்வராசு எங்களை எதிர்பார்த்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், வெட்டவெளி வேலையில் கறுத்த முகம். பூசாத செங்கல் சுவர் வீடு, வாசலில் சாமியானாக் கடையிலிருந்து கொண்டுவந்த நீல நிற நாற்காலிகள். அவர் மனைவி மல்லிகா நிலைப்படியில் நின்றார். செல்வராசுவின் தாய்மாமன் சிதம்பரம், பேச்சுக்கு என்று வந்தவர், நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கலர் குடிக்கிறீர்களா என்றுகூட யாரும் கேட்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். கோபமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மர்லீன் நேராகவே கேட்டாள், அன்றைக்கு ஏன் பேசாமல் நின்றீர்கள் என்று.

செல்வராசு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “போகச் சொன்னது நாந்தான். இல்லைன்னு சொன்னாப் பொய்யி. ஆமான்னு அந்தப் பொம்பளைக முன்னால சொன்னா, எங்களால இவருக்கு இப்படி ஆச்சேன்னு அதுக அங்கனயே அழுதுருங்க. தனியாக் கூப்புட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கலையே.”

மொழிபெயர்த்தேன். மர்லீன் தலையசைத்துக் கேட்டாள். இனிமேல் இப்படிச் சாவு விழுந்தால் என்ன செய்வீர்கள் என்றாள்.

“சொல்லிட்டு அனுப்புவேன். ஆனா அனுப்பாம இருக்க மாட்டேன். சாவுக்குப் போகாம களத்துல நிக்கச் சொல்ல முடியுமா?”

மல்லிகா அப்போதுதான் பேசினார். “இந்த வேலை இல்லைன்னா இவரு மறுபடி கத்தாருக்குப் போகணும். விசா வந்து கெடக்கு. ஏழு வருசம் அங்க கெடந்து ஒடம்பைக் கெடுத்துக்கிட்டு வந்தவரு. நான் போகவிட மாட்டேன்னு நிக்கிறேன். நீங்கதான் பாத்துச் செய்யணும்.”

“இன்று முடிவு சொல்ல நான் வரவில்லை, கேட்கத்தான் வந்தேன்” என்றாள் மர்லீன். அதையும் அட்சரம் பிசகாமல் சொன்னேன். பிறகு சிதம்பரம் என்னைப் பார்த்தார்.

“சாப்புடுவாகளா? கேட்டுச் சொல்லு தாயி.”

நான் மர்லீனைக் கேட்கவே இல்லை. “தாராளமா சாப்பிடுவாங்க. நல்ல பசியில இருக்காங்க” என்றேன்.

“மனசோடதானே?”

“மனசோடதான், ஐயா.”

அந்த வீடே மாறிப்போயிற்று. சிதம்பரம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். செல்வராசு கொல்லைப்பக்கம் ஓடினார். கோழி கொக்கரிக்கும் சத்தம் கேட்டது. அதுவரை அடுப்பே மூட்டியிருக்கவில்லை. மல்லிகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். கண்ணில் தூசி என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். வெள்ளைக்காரியைப் பார்க்க வருகிறார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

சாப்பாடு வர நேரமாயிற்று, ஆனால் வந்தது சாப்பாடு. மிளகு தூக்கலாக அரைத்து ஊற்றிய நாட்டுக்கோழிக் குழம்பு, ஈரல் வறுவல், ரசம், கட்டித் தயிர். மர்லீனுக்கு மூக்கும் கண்ணும் ஒழுகின. இருந்தாலும் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டாள். சிதம்பரம் தாம் சாப்பிடாமல் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு மனசு நெறஞ்சிருச்சு தாயி” என்றார். எங்கள் ஊரில் சாப்பிடக் கூப்பிடுவது வணக்கம் சொல்வதுபோல. அதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. கோர்ட்டில் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டிருக்கும் அண்ணனும் தம்பியும், சாயங்காலம் ஒரே கடையில் எதிரெதிரே உட்கார்ந்து மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிடுவார்கள்.

ரபீக் வண்டியைச் சரிசெய்து கொண்டுவந்துவிட்டார். திரும்பும்போது மர்லீன் சொன்னாள்: “எவ்வளவு கண்ணியமான மனிதர்கள். நான் அவரை வேலையைவிட்டு நிறுத்தக்கூடியவள் என்று தெரிந்தும் இப்படி உபசரித்தார்கள். என் முடிவு எதுவானாலும் ஏற்றுக்கொள்வார்கள் என்று தோன்றுகிறது.” எனக்கும் அது சரியாகவே பட்டது. ரபீக் முகமெல்லாம் சிரிப்பாக, “நல்ல காரியம் பண்ணுனீக மேடம்” என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். குடுமியான்மலைக்கு அழைத்துப்போகட்டுமா, பாட்டுக் கல்வெட்டு இருக்கிறது என்றார். கல்லில் எழுதியது எங்கும் போய்விடாது, எனக்குப் படுக்கை வேண்டும் என்றேன்.

அன்று சாயங்காலமே மர்லீன் முடிவை எழுதினாள். செல்வராசு வேண்டாம். அவள் காரணத்தை மறைக்கவில்லை. நல்ல மனிதர், ஆனால் அடுத்த சாவுக்கும் களத்தைக் காலி செய்வேன் என்று அவரே சொல்லிவிட்டார், இதை வைத்துக்கொண்டு நான் தொழிற்சாலை நடத்த முடியாது என்றாள். முடிவெடுப்பது கோச்சின் வேலை இல்லை. கடிதத்தில் இரண்டு வாக்கியம் கடுமையாக இருந்தது, அதை மட்டும் மெத்தென்று மாற்றிக் கொடுத்தேன். கடிதம் தலைமை அலுவலகத்துக்கும் போயிற்று, செல்வராசுவின் வீட்டு முகவரிக்குத் தபாலிலும் போயிற்று.

மறுநாள் காலை தொழிற்சாலை வாசலில் ஒரே கூட்டம். வராமல் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சின்ன லாரியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, ஒரே சிரிப்பு. அவர்களுக்கு முன்னால் செல்வராசு நின்றார். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கட்டைவிரலை வருகைப்பதிவுக் கருவியில் வைத்தார். அது சிவப்பு விளக்கைக் காட்டியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். காவலாளி, “பேரு எடுத்துட்டாகளாமே அண்ணே” என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

சத்தம் கேட்டு மர்லீன் வெளியே வந்தாள். அவளுக்கு ஒளித்துப் பேசத் தெரியாது. நேராக அவர்முன் போய் நின்றாள். “உங்களுக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். நான் உங்களைத் திரும்ப எடுக்கவில்லை. வருந்துகிறேன்.”

அதை நான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன்.

செல்வராசு அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். “நேத்துச் சாப்புட்டாகளே” என்றார்.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. சாப்பிட்டதற்கும் இதற்கும் என்ன என்று ரபீக்கிடம் கேட்டேன். அவர் முகத்தில் நேற்றைய சிரிப்பு இல்லை.

“என்ன மேடம் இப்படிக் கேக்குறீக? மனத்தாங்கல் உள்ள வீட்டுல கை நனைச்சா, மனத்தாங்கல் தீந்துச்சுன்னு அர்த்தம். பொண்ணு பாக்கப் போனாக்கூட, பேச்சு முடிவாகாம பச்சத் தண்ணி குடிக்க மாட்டாக. சம்மதம் இருந்தாத்தான் சோறு. அந்தப் பெரியவரு ரெண்டு தரம் கேட்டுக்கிட்டாருன்னு அங்க சொன்னாகளே, அதுக்குத்தானே? முடியாதுன்னா, இன்னொரு நாளைக்குச் சாப்புடுறேன்னு எந்திரிச்சிருக்கணும். யாரும் தப்பா நெனச்சிருக்க மாட்டாக.”

“எனக்கு யாரும் சொல்லலையே, ரபீக்.”

“நீங்களும் தமிழுதானே மேடம்? தெரியும்னுல்ல நெனச்சேன்.”

வெயிலில் நின்றபடியே மர்லீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. “அதைச் சொல்லத்தானே உன்னை வரவழைத்தேன்” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சும்மா, நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். எனக்கு அவமானமாக இருந்தது.

கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டேன். இந்தத் தொழிலில் அப்படிக் கேட்கக்கூடாது. கேட்டேன். அவள் நிறைய நேரம் யோசித்தாள். “சாப்பிட்டதற்காக முடிவை மாற்றினால், நாளைக்கு எனக்கு ஒவ்வொரு வீட்டிலும் இலை போடுவார்கள். நேற்று முடிவெடுத்த காரணம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது” என்றாள். நான் செல்வராசு பக்கம் திரும்பினேன்.

“கடிதம் போயிருச்சுங்க. மாத்த முடியாதுங்கிறாங்க” என்று செல்வராசுவிடம் சொன்னேன்.

பெண்கள் கூச்சல் போட்டார்கள். ஒருத்தி தூக்குவாளியை மறுபடி லாரியில் வைத்தாள். “சோத்தைத் தின்னுட்டு இப்படிப் பண்ணுவாகளா? அண்ணன் இல்லாத களத்துல எங்களுக்கு என்ன சோலி? ஏறுங்கடி!”

செல்வராசு கையைத் தூக்கினார். சத்தம் அடங்கியது.

“அவுக எப்படியும் இருந்துட்டுப் போகட்டும். என் வீட்டுல கை நனைச்சுட்டாக. இனிமே அவுகளுக்கு எதுரா நான் நிக்க முடியாது. எனக்காக நீங்களும் நிக்கக் கூடாது. போங்க உள்ள. வெயிலு ஏறுது, தூளை விரிங்க.”

யாரும் நகரவில்லை. அவரே போய் லாரியிலிருந்து அந்தத் தூக்குவாளியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கடைசிப் பெண் உள்ளே போகும்வரை நின்றிருந்துவிட்டு, தன் மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மல்லிகாவிடம் போய் என்ன சொல்வார் என்று நினைத்தபோது எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம்போல் இருந்தது.

அன்று களத்தில் ஒரு குறையும் இல்லாமல் வேலை நடந்தது. தூள் பரந்து காய்ந்தது. பன்னிரண்டரை மணிவாக்கில் தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பெண்கள் எல்லாரும் திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டோம், உங்கள் பயிற்சி இவ்வளவு சீக்கிரம் பலன் தருமென்று நினைக்கவில்லை, மிக்க நன்றி. அதைப் படித்துவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டேன்.

மத்தியானம், நான் கிளம்புவதற்கு முன்னால், மர்லீன் என்னைக் களத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்போல் இருக்கிறது என்றாள். பெண்கள் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தார்கள். மர்லீன் செருப்பைக் கழற்றிவிட்டு, தரையிலேயே அவர்களுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நானும் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சாப்பிடும் இடத்தில் பரம எதிரி வந்து நின்றாலும் ‘வாங்க, சாப்பிடுங்க’ என்று வாய்க்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்கள் நம் மனிதர்கள். அது எனக்குத் தெரியும். ஈப்போவிலும் அதுதான் வழக்கம். அந்தப் பெண்கள் சோற்றைப் பிசைந்தார்கள், ஊறுகாயை ஒருத்திக்கொருத்தி மாற்றிக்கொண்டார்கள், மெதுவாகச் சாப்பிட்டார்கள். ஒருத்திகூட நிமிர்ந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை.

மர்லீன் என் பக்கம் சாய்ந்து, “என்ன சொல்கிறார்கள்?” என்று கேட்டாள்.

“ஒன்றும் சொல்லவில்லை” என்றேன்.

“அப்பாடா, திட்டவில்லை” என்றாள். காலை நன்றாக மடித்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.